நிக்கல் கலவைப் பாகங்களில் எப்பாக்சி பிரைமர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பாகங்களுக்கு பெயின்ட் அடிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கை பழகியது அலுமினியத்தில்தான். முதன்முறையாக ஓர் இன்கனல் ஃபிட்டிங்கோ மோனெல் புஷ்ஷோ (இரண்டுமே நிக்கல் கலவைகள்) மேசைக்கு வரும்போது, முதல் கோட்டாக அடிக்கிற எப்பாக்சி பிரைமரைப் பற்றி அவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் வரைபடத்திலோ பிராசஸ் ஷீட்டிலோ வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இங்கே இருப்பது, அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கான விளக்கம்.

இன்கனல் துருப்பிடிக்காது. பிறகு எதற்கு பிரைமர்?

இன்கனலுக்காக அடிப்பதில்லை, பக்கத்தில் இருக்கிற அலுமினியத்துக்காக அடிக்கிறோம்.

இன்கனல் 718-ல் நிக்கல் 50 முதல் 55 சதவீதம், குரோமியம் 17 முதல் 21 சதவீதம். அந்தக் குரோமியம் காற்றில் ஆக்சைடாகி, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகப் பரப்பின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. மழையோ கடற்கரை உப்புக்காற்றோ அதை லேசில் அசைக்காது. தனியாகக் கிடந்தால் அந்தப் பாகத்துக்கு பெயின்ட் தேவையே இல்லை.

ஆனால் விமானத்தில் எதுவும் தனியாகக் கிடப்பதில்லை. என்ஜினை இறக்கையோடு பிணைக்கும் பைலான் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிக்கல் கலவையில் செய்த போல்ட், புஷ், பிராக்கெட் எல்லாம் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம். இடையில் ஈரம் புகுந்தால் அது ஒரு பேட்டரி. நிக்கல் கேதோடு, அலுமினியம் ஆனோடு. கரைவது ஆனோடு, அதாவது அலுமினியம்.

அப்படியானால் கரைகிற அலுமினியத்துக்கு மட்டும் அடித்தால் போதாதா?

நியாயமாகப்படும் யோசனைதான், ஆனால் நிலைமையை இன்னும் மோசமாக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கல்லூரி ஆய்வகங்களில் ஒரு பழைய சோதனை உண்டு. செப்புத் தகட்டில் எஃகு ரிவெட் அடித்து உப்புத் தண்ணீரில் போடுவார்கள். எஃகுத் தகட்டில் செப்பு ரிவெட் அடித்து இன்னொன்றையும் போடுவார்கள். உலோக ஜோடி அதேதான். ஆனால் முதலாவதில் எஃகு ரிவெட் சீக்கிரமே அரித்துப் போகும், இரண்டாவதில் எஃகுத் தகடு அவ்வளவாகப் பாதிக்கப்படாது. காரணம் பரப்பளவு. கேதோடு பெரிதாக இருந்தால் அது இழுக்கிற மின்னோட்டமும் பெரிது. அவ்வளவையும் சின்ன ஆனோடு ஒன்றே கொடுத்தாக வேண்டும்.

இப்போது அலுமினியம் முழுக்க பெயின்ட் அடித்து, இன்கனலை வெறுமனே விட்டுவிட்டோம் என்று வையுங்கள். அலுமினியப் பூச்சில் ஒரு கீறல் விழுகிறது. ஸ்பேனர் வழுக்கியது, அவ்வளவுதான். அந்தக் கீறல் மட்டுமே இப்போது ஆனோடு. இன்கனலின் மொத்தப் பரப்பும் கேதோடு. அந்த ஒரு கீறலில் அரிப்பு ஊசி போல ஆழமாக இறங்கும். அலுமினியத்துக்கு பெயின்டே அடிக்காமல் விட்டிருந்தால் அரிப்பு பரவலாக, மெதுவாக நடந்திருக்கும்.

அதனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் அடிக்க முடியும் என்ற நிலை வந்தால் கேதோடுக்கு, அதாவது நிக்கலுக்கு அடிக்க வேண்டும். நடைமுறையில் இரண்டுக்கும் அடிப்போம், கூடவே இடையில் சீலன்ட்டும் வைப்போம். வேறுவேறு உலோகங்களைச் சேர்ப்பதற்கான அமெரிக்க ராணுவ ஆவணமான மில்-எஸ்டிடி-889 போவதும் இந்த வழியில்தான். “நிக்கல்தானே, ஒரு கோட் சும்மா தூவிவிடு” என்று யாராவது சொன்னால் இந்தச் செப்புத் தகட்டுக் கதையைச் சொல்லுங்கள்.

எல்லா நிக்கல் பாகத்துக்கும் அடிக்கலாமா?

கூடாது. நிக்கல் கலவையைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணமே சூடு. ஆனால் சாதாரண எப்பாக்சி பிரைமர் தொடர்ந்து தாங்குவது சுமார் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்கு மேல் நிறம் மாறும், நொறுங்கும், உரியும். டர்பைன் டிஸ்க், எரியறை, எக்ஸாஸ்ட் குழாய் பக்கமெல்லாம் எப்பாக்சிக்கு வேலை இல்லை.

ஒரு ஒப்பீடு. நாசாவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் மேல்தோல் இன்கனல் எக்ஸ் என்ற நிக்கல் கலவை. 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் அதை மாக் 6.7 வேகத்தில் ஓட்டினார். அந்தப் பயணத்துக்காக இன்கனல் தோலின்மேல் பூசியது பிரைமர், பெயின்ட் சமாச்சாரம் இல்லை, சூட்டில் தானே கருகிக் கரைந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிற தனி வகைப் பூச்சு. அப்படியும் விமானத்தின் அடிப்பகுதி பலமாகக் கருகித்தான் திரும்பியது.

எப்பாக்சி அடிக்கிற நிக்கல் பாகங்கள் என்ஜினின் சூட்டுக்கு வெளியே, வலிமைக்காகவோ அரிப்பு எதிர்ப்புக்காகவோ நிக்கலைத் தேர்ந்தெடுத்த இடங்களில் இருப்பவை.

பிரைமர் ஏன் நிக்கலில் சரியாகப் பிடிப்பதில்லை?

துருப்பிடிக்காமல் காக்கிற அதே படலம்தான் காரணம். குரோமியம் ஆக்சைடு மழமழப்பானது, எதோடும் லேசில் வினைபுரியாதது. அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலம் வளர்த்த அலுமினியத்தில் நுண்துளைகள் இருக்கும், பிரைமர் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்த வசதி கிடையாது. பிடிப்பை நாம்தான் உருவாக்க வேண்டும்.

அலோடின் போடலாமா? பாஸிவேஷன் செய்தால்?

இரண்டும் உதவாது. அலோடின் மாதிரியான குரோமேட் கன்வர்ஷன் பூச்சு அலுமினியத்தோடு வினைபுரிந்து உருவாவது. நிக்கல்மேல் தடவினால் மஞ்சள் தண்ணீர் வழியும், வேறெதுவும் நடக்காது. பாஸிவேஷன் ஸ்டெயின்லெஸ் எஃகின் மேலிருக்கிற இரும்புத் துகளை அமிலத்தில் கரைத்து எடுப்பதற்காக வந்தது. அது ஆக்சைடு படலத்தை இன்னும் உறுதியாக்கும். நமக்கோ அந்தப் படலம்தான் பிரச்சினை.

சரி, எப்படித் தயார் செய்வது?

முதலில் எண்ணெய். நிக்கல் கலவையை வெட்டுவது சிரமம், வெட்ட வெட்டக் கடினமாகும். அதனால் மெஷின் ஷாப்பில் கந்தகமும் குளோரினும் கலந்த கனமான கட்டிங் ஆயில் ஊற்றி வெட்டுவார்கள். அது துளைகளிலும் திருகு இழைகளிலும் ஒளிந்திருக்கும். காரக் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, அப்புறம் சால்வென்ட் துடைப்பு.

துடைப்பதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றில் எம்இகே அல்லது அசிட்டோன் என்ற சால்வென்ட்டை நனைத்துத் துடையுங்கள். அது காய்வதற்குள் காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து எடுங்கள். காய விட்டுவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படியும். அழுக்கைக் கரைத்தீர்களே தவிர எடுக்கவில்லை என்று அர்த்தம். பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் காட்டன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. நூல் பிசிறு ஒட்டும், அதில் என்ன எண்ணெய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

வரிசையும் முக்கியம். எண்ணெயை எடுத்த பிறகுதான் தேய்க்கவோ, பிளாஸ்ட் செய்யவோ (காற்றழுத்தத்தில் துகளைப் பாய்ச்சிச் சொரசொரப்பாக்கவோ) வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெயைப் பரப்புக்குள் அடித்து இறக்கிவிடுவீர்கள். வெல்டிங்கோ ஹீட் ட்ரீட்மென்ட்டோ ஆன பாகத்தில் நீலமும் பழுப்புமாகச் சூட்டு நிறம் தெரிந்தால், அந்த ஆக்சைடையும் எடுத்தாக வேண்டும்.

பிளாஸ்டிங்குக்கு எந்தத் துகள்?

நைசான அலுமினியம் ஆக்சைடு, குறைந்த காற்றழுத்தத்தில். பளபளப்பு போய் ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம் வந்தால் போதும். மெல்லிய தகடானால் அழுத்தம் கூடும்போது வளையும். ஷாட் பீனிங் செய்த, அதாவது சிறு குண்டுகளால் அடித்து வலுவேற்றிய பரப்பானால் வரைபடம் அனுமதிக்காமல் தொடவே வேண்டாம். பிளாஸ்ட் செய்ய வழியில்லாத இடத்தில் ஸ்காட்ச்-பிரைட்டாலோ அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாளாலோ குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கலாம்.

எஃகுக் குண்டோ எஃகுத் துகளோ ஒருபோதும் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் இதை வலியோடு கற்றோம். 718 பிராக்கெட்டுகள், அலுமினியம் ஆக்சைடில்தான் பிளாஸ்ட் செய்தோம், பிரைமரும் பச்சை கலந்த மஞ்சளில் அழகாக உட்கார்ந்தது. இரண்டு வாரம் கழித்து ஸ்டோரிலிருந்து கூப்பிட்டார்கள். பிரைமர்மேல் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளிகள். “இன்கனல் எப்படி அண்ணா துருப்பிடிக்கும்?” என்று புதிதாக வந்த பையன் கேட்டான். ஒரு புள்ளியைப் பிளேடால் கீறி லென்ஸில் பார்த்தபோதுதான் தெரிந்தது, துருப்பிடித்தது இன்கனல் இல்லை, அதில் பதிந்திருந்த எஃகுத் துணுக்கு. அதே பிளாஸ்ட் பெட்டியில், அதே துகளில், முந்தைய வாரம் எஃகுப் பாகங்களை அடித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் உரித்துத் திரும்பச் செய்தோம். அன்றிலிருந்து நிக்கலுக்குத் தனிப் பெட்டி, தனித் துகள்.

எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்கிற தண்ணீர் சோதனை எப்படிச் செய்வது?

சுத்தமான தண்ணீரைப் பரப்பின்மேல் வழிய விட்டு, பாகத்தைச் செங்குத்தாகப் பிடித்து அரை நிமிடம் பாருங்கள். கண்ணாடித் தாள் போர்த்தியது போல முழுதாக நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டாலோ, ஓர் இடத்தில் மட்டும் படலம் விலகினாலோ அங்கே எண்ணெய் இருக்கிறது. பெரும்பாலும் விலகுவது விளிம்பிலும் துளையைச் சுற்றியும்தான். கட்டைவிரல் வடிவத்திலேயே விலகி நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

பாஸ் ஆன பாகத்தை எண்ணெய் வடிகட்டிய காற்றால் உலர்த்துங்கள். அதன்பின் வெறுங்கை படக்கூடாது. பிரைமர் அடிப்பதைச் சில மணி நேரத்துக்குள் முடியுங்கள். “காலையில் அடித்துக்கொள்ளலாம்” என்று இரவு முழுக்க வைத்தால் காலையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சோல்-ஜெல் என்கிறார்களே, அது என்ன?

உலோகத்துக்கும் எப்பாக்சிக்கும் நடுவே கைகோர்த்துக்கொள்கிற ஒரு மெல்லிய படலம். போயிங் உருவாக்கிய தொழில்நுட்பம். ஏசி-131 என்ற பெயரில் கடையில் கிடைப்பது பெயின்ட்டுக்கான வகை. சிர்கோனியம் சேர்மமும் எப்பாக்சி முனை கொண்ட சிலேன் என்ற சிலிக்கான் சேர்மமும் தண்ணீரில் கலந்திருக்கும். சிர்கோனியம் பக்கம் உலோக ஆக்சைடோடு பிணையும், சிலேன் பக்கம் பிரைமரோடு வினைபுரியும். டைட்டானியம், நிக்கல், ஸ்டெயின்லெஸ் மாதிரி அடம்பிடிக்கிற உலோகங்களில் இது பெரிய உதவி, அதிலும் குரோமேட் இல்லாமலே.

தெளித்து, குறிப்பிட்ட நேரம் பரப்பை ஈரமாகவே வைத்திருந்து, வடிய விட்டுக் காய விடவேண்டும். அலசக் கூடாது. பழக்கதோஷத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. மூலைகளில் தேங்கினால் ஊதி எடுங்கள், தேங்கிய இடத்தில் படலம் தடித்து நொறுங்கும். சுத்தம் செய்யாத பரப்பில் சோல்-ஜெல்லால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

எந்த பிரைமரைத் தேர்ந்தெடுப்பது?

பொதுவாக வரைபடமே சொல்லிவிடும். அதிகம் பார்ப்பது அமெரிக்க ராணுவத் தர எண் கொண்ட இரண்டு. சால்வென்டில் வருவது மில்-பிஆர்எஃப்-23377, தண்ணீரில் கரைப்பது மில்-பிஆர்எஃப்-85582. இரண்டிலும் ‘சி’ வகுப்பு என்றால் குரோமேட் உள்ளது, ‘என்’ வகுப்பு என்றால் இல்லாதது.

நிக்கலுக்குக் குரோமேட் தேவையா? என் கருத்தைச் சொல்கிறேன். குரோமேட்டின் முக்கிய வேலை அலுமினியத்தின் அரிப்பைத் தடுப்பது. நிக்கல்மேல் பிரைமர் செய்வது பெரும்பாலும் மறைப்பு வேலை, ஆக்சிஜனும் ஈரமும் கேதோடைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. ஈரம் பட்டால் குரோமேட் கொஞ்சம் கசிந்து பக்கத்து அலுமினியத்துக்கும் பயன்படும் என்பது உண்மை. ஆனாலும் ‘என்’ வகுப்புக்கு அனுமதி இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். காரணம் கடைசிக் கேள்வியில்.

துத்தநாகம் நிறைந்த பிரைமர் கையில் இருக்கிறது, அதை அடிக்கலாமா?

வேண்டாம். துத்தநாகம், ஈயம், காட்மியம் போன்ற சீக்கிரம் உருகும் உலோகங்கள் நிக்கல் கலவையின்மேல் இருக்கும்போது சூடேறினால், உருகிப் படிக எல்லைகளுக்குள் புகுந்து விரிசலை உண்டாக்கும். கந்தகமும் அப்படித்தான். குறி போடுகிற மார்க்கர் பேனாவுக்குக்கூட அனுமதிப் பட்டியல் வைத்திருப்பது இதனால்தான்.

கலக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டப்பாவின் அடியில் நிறமி கல் மாதிரி இறுகியிருக்கும். ஷேக்கரில் போட்டுக் குலுக்கிய பிறகும் மூடியைத் திறந்து குச்சியால் அடியைச் சுரண்டிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் இன்னும் குலுக்குங்கள். மேலாக ஊற்றி எடுத்து அடித்தால் நீங்கள் அடிப்பது வெறும் பிசின்.

தண்ணீர் வகையில் வரிசை தப்பவே கூடாது. முதலில் பிரைமரின் இரண்டு பகுதிகளையும், அதாவது பிசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும், ஒன்றோடொன்று நன்றாகக் கலக்கவேண்டும், அதன்பின்தான் தாது நீக்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றினால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும், திருத்த வழியில்லை.

கலந்ததும் அடித்துவிடாமல், தயாரிப்பாளர் சொன்ன நேரம் ஊற விடுங்கள். மாவு புளிக்கக் காத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். பிறகு ஃபோர்டு கப்பிலோ சான் கப்பிலோ கெட்டித்தன்மை பார்த்து, வடிகட்டி ஊற்றுங்கள். கலவையின் ஆயுள் முடிந்துவிட்டால் தின்னர் ஊற்றி இழுக்காதீர்கள்.

அடிக்கும் அறையில்?

பாகத்தின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரியாவது அதிகமாக இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து நேரே கொண்டுவந்த கனமான ஃபிட்டிங் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் வியர்க்கும். ஈரம் அதிகமான நாளில் ஹார்டனரில் இருக்கும் அமீன் மேலே வந்து மெழுகு போலப் படியும், டாப்கோட் (பிரைமர்மேல் அடிக்கிற கடைசிப் பூச்சு) அதில் பிடிக்காது.

எவ்வளவு தடிமன்? எப்படி அளப்பது?

மேலே சொன்ன இரண்டு வகைக்கும் உலர்ந்த பிறகு 15 முதல் 23 மைக்ரான். ஒரு முழுக் கோட்டிலேயே வந்துவிடும். கூடப் போனால் பாதுகாப்பு கூடாது, நொறுங்குவதுதான் கூடும்.

அளப்பதில்தான் நிக்கல் விளையாட்டுக் காட்டும். 718 காந்தத்தில் ஒட்டாது, அதனால் எஃகுக்கான காந்த மீட்டர் வேலைக்கு ஆகாது. அலுமினியத்துக்கு வைத்திருக்கிற எடி கரன்ட் மீட்டரை (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அளப்பது) வைத்தால் எண் வரும், ஆனால் தப்பான எண். 718-ன் மின்கடத்தல் அலுமினியத்தோடு ஒப்பிட மிகமிகக் குறைவு. அதே கலவையின் வெறும் துண்டில் பூஜ்யம் வைத்து, அதன்மேல் தடிமன் தெரிந்த தாளை வைத்துச் சரிபார்த்த பிறகே அளக்கவேண்டும்.

மோனெல் 400 இன்னும் வேடிக்கை. அதன் காந்தத்தன்மை போகிற வெப்பநிலை கிட்டத்தட்ட அறை வெப்பநிலையிலேயே இருக்கிறது. ஒரே பாகம் குளிர்ந்த காலையில் காந்தத்தில் லேசாக ஒட்டும், மதிய வெயிலில் ஒட்டாது. மீட்டர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று சொன்னால் மீட்டரைத் திட்டாதீர்கள். இந்த மாதிரி நேரத்தில் பாகத்தோடு ஓர் அலுமினியத் துண்டையும் தொங்கவிட்டு, சேர்த்து அடித்து, அதை அளப்பது நிம்மதி.

எங்கெல்லாம் அடிக்கக் கூடாது?

இழை, பேரிங் உட்காரும் துளை, இறுக்கமாகப் பொருந்தும் விட்டம், மின் இணைப்புக்கான தளம். பிரைமர் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் ஸ்ட்ராப் உட்காரும் இடத்தில் அடித்துவிட்டால் மில்லிஓம் சோதனையில் பிடிபடும், பிறகு சுரண்ட வேண்டியதுதான். மாஸ்கிங் டேப்பை பிரைமர் முழுசாக இறுகுவதற்கு முன்பே, உள்பக்கமாக மடக்கி எடுங்கள். இறுகியபின் இழுத்தால் விளிம்பு பல்லுப் பல்லாகப் பெயரும்.

டாப்கோட் எப்போது?

அறை வெப்பநிலையில் சில மணி நேரத்தில் டேப் ஒட்டுமளவு காயும், முழுசாக இறுக சுமார் ஒரு வாரம். டாப்கோட்டைத் தயாரிப்பாளர் கொடுத்த அவகாசத்துக்குள், பல வகைகளில் ஒரு நாளுக்குள், அடித்துவிடுங்கள். தாண்டினால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு அடிக்கவேண்டும். அடுப்பில் வைப்பதானால் சால்வென்ட் பறக்க முதலில் அவகாசம் கொடுங்கள், இல்லையென்றால் கொப்புளம்.

நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காய்ந்த பரப்பில் டேப் ஒட்டி இழுத்துப் பார்ப்பதை நிக்கலில் நான் நம்புவதில்லை. சுத்தம் செய்யாத இன்கனல்கூட அதில் பாஸ் ஆகிவிடும். நம்பவேண்டியது ஈர டேப் சோதனை. பிரைமர் முழுசாக இறுகிய சோதனைத் துண்டை 24 மணி நேரம் தாது நீக்கிய தண்ணீரில் ஊறவைத்து, எடுத்துத் துடைத்த உடனே, ஓர் அங்குல இடைவெளியில் உலோகம் வரை இரண்டு கோடு கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் எடுக்கவேண்டும். ஒட்டுதல் சரியில்லை என்றால் தண்ணீர் அதற்குள் அடியில் புகுந்திருக்கும், பிரைமர் டேப்போடு வரும்.

உரிந்து வந்ததைத் தூக்கி எறியாமல் திருப்பிப் பாருங்கள். அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் தவறு தயாரிப்பில், அதாவது எண்ணெயோ, தேய்க்காததோ, நேரம் கடந்ததோ. உலோகத்தில் பாதி பிரைமர் தங்கி, டேப்பில் பாதி வந்திருந்தால் தவறு பிரைமரில், கலவை விகிதத்திலோ இறுகுவதிலோ பாருங்கள். இரண்டாவதற்குப் போய் பிளாஸ்டிங்கைத் திட்டி நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

உடம்புக்கு என்ன ஆபத்து?

‘சி’ வகுப்பில் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட். அதிலிருக்கும் அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்குக் காற்றில் அனுமதித்த சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜனவரி 22-க்குப் பிறகு தனி அனுமதி பெறாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது.

அடிக்கும்போது எல்லோரும் காற்று வரும் மாஸ்க் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த நாள் பழைய பிரைமரைத் தேய்க்கும்போது துணி மாஸ்க்கோடு நிற்கிறார்கள். அந்தத் தூளிலும் அதே குரோமேட்தான், கூடவே நிக்கல் தூளும். ஈரமாகத் தேய்யுங்கள் அல்லது உறிஞ்சும் குழாயோடு இணைத்த சாண்டரைப் பயன்படுத்துங்கள். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளாதீர்கள். எப்பாக்சியும் அதன் ஹார்டனரும் தோலுக்கு ஒவ்வாமை தரும், ஒருமுறை வந்தால் அடுத்தடுத்து மூடியைத் திறந்தாலே அரிக்கும். கையில் பட்டதைத் தின்னரால் கழுவுகிற பழக்கம் அதை இன்னும் உள்ளே அனுப்பும். சோப்பும் தண்ணீரும் போதும். டீ குடிக்கப் போகும்போது மேலங்கியை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.